ஆறாம் அட்டைக்குப் பிறகு

நான் அட்டை எழுதிப் பிழைக்கிறவள். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. அங்கே அசெம்பிளி லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மேலே ஒரு அட்டை தொங்கும். அந்த இடத்தில் நிற்கிறவர் எதை எடுக்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு, இரண்டே வரியில் எழுதி, லேமினேட் செய்து மாட்டுவது என் வேலை. நேற்றுச் சேர்ந்தவர் இன்றைக்கு அட்டையைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் ஆள் மேல் தப்பில்லை, அட்டை மேல்தான் தப்பு. இதை நான் எத்தனையோ சூப்பர்வைசர்களிடம் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

எச்.ஆரில் ஒரு நாள் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் ஹாலுக்குக் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்கள் கொடுத்திருக்கிறதாம். வயசானவர்களுக்குப் பாடம் தயார் செய்ய ஆள் வேண்டுமாம். "உங்கள மாதிரி புரியற மாதிரி எழுத யாரு இருக்காங்க மேடம்" என்றார்கள். புகழ்ந்தால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். ஆட்டினேன்.

முதல் சனிக்கிழமை குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டரில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தூசியைத் தின்றுகொண்டு போய்ச் சேர்ந்தேன். ஹாலில் ஒரே ஒரு சுவரை ஒட்டி வரிசையாக ஆறு கம்ப்யூட்டர். ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அறுபது வயசு முன்னே பின்னே இருக்கும். பூர்வீகம் விவசாயம் என்றாலும் பாதி ஆயுசை இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் லைனில் நின்று கழித்தவர்கள். அதில் உயரமாக, சட்டைப் பையில் இன்னமும் டெஸ்டர் செருகிக்கொண்டு வந்த ஒருவரை எல்லோரும் லீடர் என்றே கூப்பிட்டார்கள். லைன் லீடராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் கும்பிடுவது முருகனை. ஆனால் ஊரில் எது நடந்தாலும் முன்னால் நிற்பார்.

நான் அன்றைக்குக் கொண்டுபோனது வழக்கமான பாடம். கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதன் பாகங்கள் என்னென்ன, மூளை எது, நினைவகம் எது. அரைமணி நேரம் பேசினேன். புரிந்ததா என்றேன். புரிந்தது என்றார்கள். சரி, மவுஸைத் தொடுங்கள் என்றேன். ஒருத்தரும் கையை நீட்டவில்லை.

லீடர் எழுந்து நின்றார். "மேடம், இதுல எமர்ஜென்சி ஸ்டாப் எங்க கீது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மெஷினை நிறுத்தத் தெரியாமல் அதை ஓட்டுவது தப்பு என்று இத்தனை வருஷம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பவர் பட்டனைக் காட்டினேன். ஆறு பேரும் வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான். அரைமணி நேரம் நான் கத்தியதெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒரு அக்கா மட்டும் நின்றார். கார்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். முட்டி வலி தாங்காமல் வேலையை விட்டவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"யம்மா, எனக்கு எல்லாம் வாணாம். மெயிலு அனுப்ப மட்டும் கத்துக்குடு. ஆனா நான் தனியா அனுப்பணும். பக்கத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது."

யாருக்கு என்று கேட்டேன். மகளுக்கு. மகள் கன்னியாஸ்திரீ. ஒடிசாவில் ஏதோ மலைக் கிராமத்தில் மடம், மடத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் மகளுக்கு வேலை. இதுவரை கொடுத்ததெல்லாம் சில வருஷங்களுக்கு மட்டும் என்று கடவுளுக்குக் கொடுக்கிற வார்த்தைப்பாடு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மடம்தான்.

"விரும்பித்தான் போனா. இல்லேங்கல. ஆனா அப்ப அவ சின்னப் பொண்ணு. இப்பவும் இஷ்டமான்னு ஒருத்தரும் அவளக் கேக்கல. நானும் கேக்கல" என்றார் அக்கா. "போன்ல கேக்க முடியாது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பேசுவா. அந்தப் பக்கம் சிஸ்டருங்க நிப்பாங்க. இந்தப் பக்கம் எம் புள்ள போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கினு, வூடே சுத்தி உக்காந்துக்கும். சாப்ட்டியா, மழ பேயுதா, அதோட சரி. மெயிலு போட்டா அவ மட்டும்தான் படிப்பா. அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா."

"என்னன்னு கேக்கப் போறீங்க?"

"உனக்கு அங்க இருக்க இஷ்டமாடி, இல்லன்னா கெளம்பி வூட்டுக்கு வந்துடுன்னு. வேற இன்னா?"

மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வந்தவளிடம் சொல்கிற விஷயமா இது? ஊரில் அந்தப் பெண் என்றால் எல்லோருக்கும் பெருமை என்று பிறகுதான் தெரிந்தது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு ஒடிசா கிளம்புகிற குடும்பத்தை அன்பியத்திலிருந்து, அதாவது தெருவிலுள்ள கோயில் குடும்பங்களின் குழுவிலிருந்து, வேன் வைத்து ரயிலடிவரை வழியனுப்புவதாகவும், பெரிய ஃப்ளெக்ஸ் வைப்பதாகவும் பேச்சு இருந்தது. இத்தனை பேர் சந்தோஷத்துக்கு நடுவில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்து நிற்கிறார். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எனக்குத் தெரிந்த வேலைக்கே வந்தேன். மெயில் அனுப்ப எத்தனை அட்டை ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தேன். சுருக்கிச் சுருக்கி ஆறில் கொண்டுவந்தேன். ஒன்று, ஆன் செய்வது. இரண்டு, உறைப் படத்தை அழுத்துவது. மூன்று, யாருக்கு என்று தேர்ந்தெடுப்பது. நான்கு, எழுதுவது. ஐந்து, எழுதியதை ஒருமுறை படித்துப் பார்ப்பது. ஆறு, அனுப்புவது. அவரவருக்கு ஒரு மெயில் முகவரி, அவரவருக்கு ஒரு கம்ப்யூட்டர், கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர். அக்காவின் மகள் முகவரியை நானே உள்ளே ஏற்றிவைத்தேன். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். மெயிலைத் திறந்தால் கண்டதும் கடியதும் திரையில் தெரிந்து வயசானவர்கள் மிரண்டுபோவார்கள். அதனால் உறைப் படத்தை அழுத்தினால் நேராக வெறும் வெள்ளைத் தாள் வந்து நிற்கும்படி அமைத்தேன். எழுத வேண்டியதுதான் பாக்கி. ஒரு அட்டை மிச்சம் என்று எனக்கு ஒரே குஷி.

ஆறு அட்டையையும் லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன். ஆறு கம்ப்யூட்டருக்கு மேலே ஆறு ஆணி இருந்தது. கை பழக்கம், கம்பெனியில் மாட்டுவது போலவே ஆணிக்கு ஒன்றாக வரிசையாக மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் ஆடிட். என்னால் போக முடியவில்லை. அட்டையைப் பார்த்து நீங்களே செய்து, எனக்கு ஒரு மெயில் போடுங்கள் என்று லீடருக்கு போன் செய்தேன். மதியத்துக்குள் என் மெயிலில் ஆறு கடிதம் வந்து விழுந்தது. வணக்கம் மேடம், நாங்கள் நலம், நீங்கள் நலமா. ஆறிலும் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆடிட்டர் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரே நாளில் ஆறு பேர். எச்.ஆருக்கு உடனே அனுப்பினேன். அவர்கள் இதை மற்ற கிராமங்களுக்கும் கொண்டுபோகலாம், முழு செட்டையும் ரெடி பண்ணுங்கள் என்றார்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். சபாஷ், அடுத்து என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை. சரி, கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் அக்காவைக் கூப்பிட்டு, "தனியா ஒண்ணு அனுப்புங்கக்கா, பார்க்கலாம்" என்றேன். அக்கா உட்கார்ந்தார். பட்டனைப் பார்த்தார், ஆன் செய்யக் கை போகவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் டக்கென்று ஆன் செய்தார், உறையை அழுத்தினார், எழுந்து நின்றுவிட்டார். மூன்றாமவருக்கு முகவரி தேர்ந்தெடுக்க மட்டும் தெரிந்தது. ஆறு கடிதம் அனுப்பிய ஆறு பேரில் ஒருவருக்கும் ஒரு கடிதம் அனுப்பத் தெரியவில்லை. பேய் வந்து அனுப்பியதா?

"எப்படித்தான் அனுப்பினீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றேன்.

லீடர் கையைத் தட்டினார். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். முதல் ஆள் ஆறு கம்ப்யூட்டரையும் ஆன் செய்து உறையை அழுத்திக்கொண்டே போனார். அவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்து முகவரியைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து எழுதுகிறவர்கள் இரண்டு பேர். அடுத்து அக்கா, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தலையாட்டினார். கடைசி ஆள் அனுப்பினார். கம்ப்யூட்டர் நகராது என்பதால் ஆட்கள் நகர்ந்தார்கள். சுவரில் அட்டை வரிசையாகத் தொங்குகிறது, ஆளுக்கு ஒரு ஸ்டேஷன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"நாலாவது ஸ்டேஷன்ல லோடு ஜாஸ்தி மேடம்" என்றார் லீடர், ரொம்ப அக்கறையாக. "டைப் அடிக்கறதுக்குள்ள பின்னாடி எல்லாரும் சும்மா நிக்கறாங்க. அதான் ஒண்ணையும் ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டேன். நாலுல ரெண்டு பேரு. இப்ப லைன் ஸ்மூத்தா போவுது. அக்கா செக்கிங்ல இருந்தவங்க, அவங்கள அஞ்சுல போட்டுட்டேன்."

"ஐயா, இது லைன் இல்லீங்க. ஒவ்வொருத்தரும் முழுசா செய்யணும்."

"அப்புறம் எதுக்கு மேடம் தனித்தனியா மாட்டினீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. வேலை நடந்திருக்கிறது, பிழையே இல்லை, சீக்கிரமும் முடிந்திருக்கிறது. என் கம்பெனியில் இதே வேலையை இப்படிச் செய்தால் பரிசு கொடுப்பார்கள். இங்கே இதை நான் தப்பு என்கிறேன். ஏன் தப்பு என்று என்னால் அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "எல்லாரும்தான் வரோம், எல்லாரும் சேந்து அனுப்பறோம், இதுல இன்னா கொறச்ச?" என்று ஒருவர் கேட்டார். அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத்தான் தெரியும், அவர் கடிதத்தை வேறொருவர் டைப் அடிக்க முடியாது.

அட்டைகளைச் சுவரிலிருந்து கழற்றி, ஆளுக்கு ஒரு முழு செட் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் கூத்து இன்னும் மோசமானது. ஒவ்வொருவரும் தன் வேலையை முடித்ததும் எழுந்துவிடுகிறார். "உக்காருங்க ஐயா, அடுத்த அட்டை" என்பேன். உட்காருவார். கை அப்படியே நிற்கும். பழைய ஆட்களுக்கு எப்படி மனசு போகும் என்று தெரியாமல் என்ன பாடம் எழுதினேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் அக்கா போகவில்லை. கோயிலையும் ஹாலையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு அட்டையையும் மேஜையில் பரப்பினார். முதல் அட்டையைப் பார்த்து ஆன் செய்தார். எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, அதைச் சுற்றி நடந்து வந்து, மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் அட்டையைப் பார்த்து உறையை அழுத்தினார். மறுபடி எழுந்தார்.

"அக்கா, எதுக்கு எழுந்து எழுந்து உக்கார்றீங்க? முட்டி வலிக்கப் போவுது."

"உக்காந்தே இருந்தா கை வர மாட்டேங்குதும்மா. உன் வேல முடிஞ்சிபோச்சுன்னு சொல்லுது. எழுந்து வந்து உக்காந்தா அடுத்த ஆளு வந்த மாதிரி கீது. அவங்க செஞ்சதப் பாத்துக்கினுதானே இருந்தேன், அப்டியே வருது."

இதை எந்த அட்டையில் எழுதுவது? நாற்காலியைத் தள்ளவும், சுற்றி வரவும், வேறு ஆளாக உட்காரவும் என்றா? எனக்குப் புரியவில்லை, ஆனால் அக்காவுக்கு வந்தது. நான்காம் அட்டைக்கு வந்ததும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடி. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"போச்சு" என்றார். "அனுப்பிட்டேன்."

அன்றைக்கு முழுக்க நான் வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு முன்னாலேயே அக்கா வந்து தனியாக உட்கார்ந்துகொள்வார். நான் வரும்போது நாற்காலிச் சத்தம் கேட்கும். பழகிக்கொள்கிறார் என்று நினைத்தேன். "பதில் வந்துச்சாக்கா? பார்த்தீங்களா?" என்று கேட்பேன். "பாத்தேன். ஒண்ணும் இல்ல" என்பார். முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே போனது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை போனிலும் வழக்கம்போல சாப்ட்டியா, மழை பெய்யுதா. மகளும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், இரண்டு பக்கமும்தான் ஆள் இருக்கிறதே. அக்கா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். "கேட்டிருக்கக் கூடாதும்மா. ஆண்டவர்கிட்ட குடுத்த புள்ளைய வான்னு கூப்புட்டுட்டேன். என்னாண்ட பேசப் புடிக்கல அவளுக்கு" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அந்த முகம் தெரியாத பெண் மேல் எரிச்சலாக வந்தது. பெற்றவள் இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறாள், ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவாள்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக்காலம் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர், அக்கா மகளுடைய நித்திய வார்த்தைப்பாட்டுத் தேதியை அறிவித்துவிட்டாராம். ஃப்ளெக்ஸுக்கு லீடர் பொறுப்பு. அவரே போட்டோ வாங்கி டிசைனுக்குக் கொடுத்துவிட்டு வந்து, வகுப்பில் எல்லோருக்கும் செல்போனில் காட்டினார். வெள்ளை உடுப்பில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்து, "நல்லா கீது" என்றார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. எச்.ஆரில் முழு செட் எங்கே என்று நெருக்குகிறார்கள். அடுத்த பாடம் என்ன வைப்பது என்று நான் இவர்களுக்கு வாராவாரம் மெயில் போடுகிறேன், ஒரு ஜென்மமும் பதில் போடுவதில்லை. பழையபடி லைன் போட்டு ஆளுக்கு ஒரு கடிதம் மட்டும் ஒழுங்காக அனுப்புகிறார்கள், வணக்கம் மேடம், நலமா. வகுப்பில் வெடித்துவிட்டேன்.

"நலமா நலமான்னு கேக்கறீங்களே, நான் நலம்னு எழுதினா அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுத மாட்டீங்களா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டீங்களா? நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எங்க மேடம் பதில் போட்டீங்க?" என்றார் லீடர்.

"வாராவாரம் போட்டேன்."

"வர்லியே. எங்களுக்கு வெள்ளத் தாளுதான் வருது. உறைய அமுக்கினா வெள்ளத் தாளு. மேடத்துக்கு வேல ஜாஸ்தி போல, ஒண்ணும் எழுதாம அனுப்பறாங்கன்னு நாங்க பேசிக்கினோம். அதான் உங்கள வேற தொந்தரவு பண்ணாம நலமான்னு மட்டும் எழுதறோம்."

லீடருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான் மறைத்து வைத்திருந்த மெயில் பெட்டியைத் திறந்தேன். நான் போட்ட கடிதங்கள் எல்லாம் திறக்கப்படாமல் கறுப்பெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஆறு அட்டை எழுதினேனே, வந்த கடிதத்தைத் திறப்பதற்கு ஒரு அட்டை எழுதினேனா? என் கம்பெனி லைனில் பாகம் கடைசி ஸ்டேஷனைத் தாண்டினால் லாரி ஏறிவிடும். திரும்பி வருவது என்ற ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அக்காவின் ஞாபகம் வந்து திரும்பினேன். அவர் தன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வெள்ளைத் தாள். வாராவாரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். மகள் வெறும் தாளை அனுப்புகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"லீடரே, எல்லாரையும் இட்டுக்கினு போய் டீ குடிங்க" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர்கள் போனார்கள். நானும் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இரு. தொறந்து நீயே படி. எனக்குக் கண்ணு தெரியல."

திறந்தேன். மகளிடமிருந்து நான்கு கடிதம் வந்திருந்தது. புதியது மேலே இருந்தது. அதை அழுத்தப் போனேன். "வந்த வரிசையில படிம்மா" என்றார். கீழேயிருந்து படித்தேன்.

முதல் கடிதத்தில் மேலே இயேசுவுக்கே புகழ் என்று போட்டிருந்தது. அம்மா, நான் இங்கே ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன், நீ கண்டதையும் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, முட்டிக்குத் தைலம் தடவு. அவ்வளவுதான். அக்கா தலையாட்டினார்.

இரண்டாவதில், போன வாரமே எழுதினேனே அம்மா, ஏன் மறுபடி அதையே கேட்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன் என்று இருந்தது.

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். "அதையேவா திரும்ப அனுப்பினீங்க?"

"பதிலு வர்லியே. சரியா போயி சேரலையோன்னு, வாரா வாரம் அதையே எழுத்து மாறாம அனுப்பினேன். வேற எழுத எனக்கு வராதும்மா."

மூன்றாவது கடிதத்தில் இயேசுவுக்கே புகழ் இல்லை. அம்மா, நீ இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் சொன்னதை நீ நம்பவில்லை என்று தெரிகிறது. இங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை, எல்லோரும் நல்லவர்கள். இஷ்டமா என்று நீ கேட்டாயே, அதை யோசித்தால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

அடுத்ததைத் திறக்கட்டுமா என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா, "படி" என்றார்.

நான்காவது அந்த வாரம்தான் வந்திருந்தது. அம்மா, நீ விடாமல் கேட்டதால் நான் மடத்துத் தலைவி மதரிடம் போய்ப் பேசினேன். இப்போது வார்த்தைப்பாடு கொடுக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் இருந்து யோசித்து வா, வராவிட்டாலும் தப்பில்லை என்றார். ஃபாதருக்கு அவரே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். யாரு என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தாய். அது நிஜம்தானே அம்மா? நான் வரட்டுமா?

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "மொத காயிதத்த அன்னிக்கே படிச்சிருந்தா, சந்தோஷமா கீறேன்னு சொல்லிட்டா, போதும்னு நான் வுட்டிருப்பேன்" என்றார்.

அதைத்தான் என்னால் இன்று வரை ஜீரணிக்க முடியவில்லை. ஏழாவது அட்டையை நான் ஒழுங்காக எழுதி மாட்டியிருந்தால் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டிருப்பார். மகளும் ஒரே ஒரு தடவை, எல்லோரும் சொல்கிற பதிலைச் சொல்லியிருப்பாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வார்த்தைப்பாடு கொடுத்திருப்பாள். பாடம் தப்பாக இருந்ததால் ஒரு பெண் உண்மையைச் சொன்னாள் என்றால், நான் இனி சரியான பாடம் எழுதுவதா, தப்பான பாடம் எழுதுவதா? அந்தப் பெண் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் போகாமல், அதே கேள்வியே திரும்பத் திரும்ப வந்து, ஒடிசாவில் உட்கார்ந்து என்ன பாடு பட்டாளோ, அதை யார் கணக்கில் எழுதுவது?

"ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சேக்கா" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"ஃப்ளெக்ஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். லீடராண்டயும் நானே சொல்றேன். நீ வெளிய போய் உக்காரு" என்று அட்டைகளை எடுத்துப் பரப்ப ஆரம்பித்தார்.

வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். அட்டை ஏழு என்று போட்டேன். வந்த கடிதத்தைத் திறப்பது எப்படி. அதற்குமேல் பேனா ஓடவில்லை. உள்ளே நாற்காலி இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டைக்கும் எழுந்து, சுற்றி வந்து, உட்கார்கிறார். இந்தத் தடவை நான்காம் அட்டையில் அவ்வளவு நேரம் ஆகவில்லை. டீக்கடையிலிருந்து மற்றவர்கள் திரும்பி வந்து, என்னோடு மரத்தடியில் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. லீடர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அஞ்சாவது ஸ்டேஷன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே என் காதருகே குனிந்து, "வான்னு எழுதினேன். ஒரே எழுத்து" என்றார். பிறகு என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

"இன்னாது அது?"

"பதில் வந்தா எப்படித் திறக்கறதுன்னு அட்டை எழுதறேங்க்கா. அடுத்த வாரம் மாட்டிடறேன்."

"மத்தவங்களுக்கு மாட்டு" என்றார் அக்கா, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "எனக்கு வாணாம். இந்த தபா பதிலு ரயிலேறி வரும்."

லீடர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃப்ளெக்ஸுக்குப் பதில் சொல்ல அக்கா அவர் பக்கம் நடந்தார்.